காய்ச்சல் எத்தனை பேருக்கு?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பணியிடைப் பயிற்சியில் எல்லோரும் ஆளுக்கொரு செயலாராய்ச்சி செய்து தர வேண்டும் என்றார்கள். தலைப்புத் தேடி நான் அலையவில்லை. என் ஏழாம் வகுப்பில் வருகை குறைந்துகொண்டே வந்தது. ‘மாணவர் வருகைக் குறைவும் அதற்கான காரணங்களும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முறைப்படிதான் செய்தேன். ஒரு வினாநிரல் தயாரித்தேன். கடந்த மூன்று மாதங்களில் நீ பள்ளிக்கு வராமல் போனதற்கு முக்கியக் காரணம் என்ன என்பது அதில் முதன்மையான கேள்வி. அதன் கீழே நான்கு கட்டங்கள்: உடல்நலக்குறைவு, குடும்ப நிகழ்ச்சி, போக்குவரத்து, பிற. ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் 41 பேரும் டிக் அடித்துக் கொடுத்தார்கள். அவர்களில் 26 பேர் உடல்நலக்குறைவு. சதவீதம் போட்டேன். வட்ட விளக்கப்படம் வரைந்து பெரிய துண்டுக்குச் சிவப்பு வண்ணம் பூசினேன். மருத்துவ முகாம் நடத்த வேண்டும் என்று பரிந்துரை செய்தேன். அறிக்கைக்குப் பாராட்டுக் கிடைத்தது. முகாமும் நடந்தது, பிள்ளைகள் வரிசையில் நின்று நாக்கை நீட்டினார்கள், மாத்திரை வாங்கிக்கொண்டார்கள்.

வருகை மட்டும் ஏறவில்லை.

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நாளில் எங்கள் தமிழாசிரியர் ஆசிரியர் அறையில் தனக்குத்தானே சிரித்தார். “ஒரு வகுப்பே காய்ச்சல்ல கெடக்கு பாருங்க” என்று தாள்களை என் பக்கம் தள்ளினார். வகுப்பாசிரியருக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதுக என்பது வினா. வாங்கிப் புரட்டினேன். ‘எனக்குக் கடுமையான காய்ச்சல் காரணமாக’, ‘எனக்குக் காய்ச்சல் காரணமாக’, ‘எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்’. ஒருவர்கூடத் தப்பவில்லை. இரண்டு பேர் மட்டும் தலைவலியைச் சேர்த்திருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிவப்பு வண்ணம் பூசிய அந்த வட்டத் துண்டு கண் முன்னால் வந்து நின்றது. நம் பள்ளிகளில் காய்ச்சல் என்பது நோயின் பெயர் அல்ல. பள்ளிக்கு வராததற்கு நாமே தொடக்க வகுப்பிலிருந்து சொல்லிக் கொடுத்து வைத்திருக்கும் வாசகம் அது. என் வினாநிரலில் 26 பேர் நோயைச் சொல்லவில்லை, கற்றுக்கொண்ட விடையை எழுதினார்கள். நான் அதை எண்ணினேன். சரியாகத்தான் எண்ணினேன்.

சமூக ஆய்வில் அளவுசார் முறை, பண்புசார் முறை என்று இரண்டைச் சொல்வார்கள். பயிற்சிப் புத்தகங்களில் இவற்றை இரண்டு பத்தியாகக் கோடு கிழித்து வேறுபாடு எழுதியிருக்கும். அளவுசார் முறை எண்களைத் தரும், பண்புசார் முறை சொற்களைத் தரும். அதில் வினாநிரல், இதில் நேர்காணல். அதில் பெரிய மாதிரி, இதில் சிறிய மாதிரி. பட்டியலில் தவறில்லை. ஆனால் அதைப் படிக்கிறவருக்கு இவை இரண்டு கட்சிகள் என்றும், ஏதாவது ஒன்றில் சேர்ந்தாக வேண்டும் என்றும் தோன்றிவிடுகிறது. நம்மில் பெரும்பாலோர் சேர்வது எண் கட்சியில்தான். சதவீதம் இல்லாத அறிக்கையை யார் மதிக்கிறார்கள்?

என் தவறு எண்ணைப் பயன்படுத்தியது அன்று. எத்தனை பேர், எவ்வளவு, எது கூடும்போது எது குறைகிறது என்பவற்றுக்கு எண்ணை விட்டால் வேறு வழி இல்லை. ஆனால் எண்ணுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எதை எண்ணப் போகிறோம், அதற்கு என்ன பெயர் என்று முடிவுசெய்ய வேண்டும். ‘உடல்நலக்குறைவு’ என்று ஒரு கட்டம் போட்டது நான். அந்தச் சொல் பிள்ளைகளின் வாழ்க்கையில் எதைக் குறிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் போட்டேன். கேட்டுத் தெரிந்துகொள்வது பண்புசார் வேலை. அதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேரே எண்ணுக்குப் போனேன்.

நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்று இரண்டு சொற்கள் ஆராய்ச்சிப் பாடத்தில் வரும். தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. மளிகைக் கடைத் தராசு ஒன்று எப்போது வைத்தாலும் ஐம்பது கிராம் கூடுதலாகவே காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து முறை நிறுத்தாலும் அதே விடை. அதற்கு நம்பகத்தன்மை உண்டு, ஏற்புடைமை இல்லை. என் வினாநிரலை அடுத்த மாதம் கொடுத்திருந்தாலும் ஏறத்தாழ அதே 26தான் வந்திருக்கும். மாறாமல் வருகிறது என்பதாலேயே நானும் அதை நம்பியிருப்பேன்.

இந்த இரண்டு முறைகளும் ஒன்றுக்கொன்று எப்படிக் கைகொடுக்கும் என்பதை நான் புரிந்துகொண்டது ஒரு பழைய ஆய்வைப் படித்தபோதுதான். ஆஸ்திரியாவில் வியன்னா நகருக்குத் தென்கிழக்கே மரியன்தால் என்றொரு ஊர். 1830இல் அங்கே ஒரு நூற்பாலை வந்தது, ஊரே அதைச் சுற்றி வளர்ந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் ஆலை தள்ளாடி, 1930 தொடக்கத்தில் முற்றிலும் மூடப்பட்டது. 478 குடும்பங்கள் இருந்த ஊரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக் குடும்பங்களில் வேலைக்குப் போகிறவர் ஒருவர்கூட இல்லை. 1931 இறுதியில் வியன்னாவிலிருந்து ஒரு சிறு குழு அங்கே போனது. அதற்குத் தலைமை தாங்கிய பால் லாசர்ஸ்ஃபெல்ட் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நூலின் பெரும்பகுதியை எழுதிய மரி யஹோதாவுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ஹான்ஸ் ஸைஸல் மூன்றாமவர். ஊரிலேயே சில வாரங்கள் தங்கி விவரங்களைத் திரட்டியவர் லோட்டே டான்ஸிங்கர்.

அவர்கள் கேட்ட கேள்வி எளிது: வேலை போனால் மனிதருக்கு என்ன ஆகிறது? வேலையில்லாதவர்கள் எத்தனை பேர், உதவித்தொகை எவ்வளவு என்பதற்கு அரசிடம் கணக்கு இருந்தது. வேலையில்லாதவர்களின் துயரத்தை உருக்கமாக எழுதும் பத்திரிகையாளர்களும் இருந்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய இடைவெளி இருப்பதாக அந்தக் குழுவினர் கருதினார்கள். அதை நிரப்ப, கையில் கிடைத்ததை எல்லாம் பயன்படுத்தினார்கள்.

ஆசிரியர்களாகிய நாம் வியக்க வேண்டியது, அதில் பெரும்பகுதி நம் கையிலும் கிடைக்கக்கூடிய பொருள் என்பது. பள்ளிப் பிள்ளைகள் கொண்டுவந்த சிற்றுண்டிப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று குறித்தார்கள். ஒரே நாளில் அல்ல, உதவித்தொகை வருவதற்கு முந்தைய நாளிலும் வந்த மறுநாளிலும். முந்தைய நாளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் வெறும் ரொட்டி, அல்லது ஒன்றுமே இல்லை. மறுநாள் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே. அந்த ஒப்பீட்டை வைத்து, பணம் கையில் தங்காமல் ஓடும் வேகத்தையே அவர்கள் அளந்துவிட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு என்ன பரிசு வேண்டும் என்று பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். கேட்ட பரிசுகளின் விலையைக் கூட்டிப் பார்த்தபோது, சுற்றுவட்டார ஊர்ப் பிள்ளைகளின் ஆசைக்கு ஆன செலவில் மரியன்தால் பிள்ளைகளின் ஆசை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இது எண். இதோடு நிறுத்தியிருந்தால், அடக்க ஒடுக்கமான பிள்ளைகள் என்றுகூட யாராவது சொல்லியிருப்பார்கள். அவர்கள் கட்டுரையின் வாக்கிய அமைப்பையும் படித்தார்கள். ‘எனக்கு இது வேண்டும்’ என்று எழுதாமல், ‘அப்பா அம்மாவிடம் பணம் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்’ என்கிற போக்கில் பல பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். விலைப்பட்டியலில் இது அகப்படாது. அதே நேரத்தில், இந்த வாக்கியத்தை மட்டும் படித்திருந்தால் ஒரு பிள்ளையின் கண்ணீர்க் கதையாகவே அது முடிந்திருக்கும். ஒரே கட்டுரைக் கட்டு, இரண்டு விதமாகப் படிக்கப்பட்டது.

தெருவில் நடக்கும் வேகத்தையும் அளந்தார்கள். வெளியே தெரியாமல் நின்று, கையில் கடிகாரத்தோடு, முக்கியத் தெருவைக் கடக்கிறவர்களைக் கவனித்தார்கள். ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் போகும் வழியில் இரண்டு முறையாவது நின்றார்கள். பெண்கள் அப்படி நிற்கவில்லை, நடையும் வேகமாக இருந்தது. ஏன் என்று எண் சொல்லாது. அதற்குப் பொழுதுக் குறிப்புத் தாள்களைப் பார்க்க வேண்டியிருந்தது. நாள் முழுவதும் என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாக எழுதச் சொன்னபோது, பல ஆண்களால் மூன்று நான்கு நிகழ்ச்சிகளுக்கு மேல் நினைவுகூர முடியவில்லை. எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது. நடுவில் இருந்த மணிநேரங்கள் எங்கோ போய்விட்டன. பெண்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆலை மூடினாலும் அடுப்பு மூடவில்லை. ஆனாலும், வீட்டு வேலையோடு ஆலை வேலையும் பார்த்த காலமே நன்றாக இருந்தது என்றுதான் அவர்களில் பலர் பேட்டியில் சொன்னார்கள்.

வேலையில்லாதவருக்கு நேரம் நிறைய, ஆகவே நிறையப் படிப்பார் என்று தோன்றும். ஊர் நூலகப் பதிவேடு வேறு சொன்னது. இரவல் கட்டணத்தை நீக்கிய பிறகும், 1929க்கும் 1931க்கும் இடையில் எடுக்கப்பட்ட புத்தகங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. நேரம் கூடினால் ஆர்வமும் கூடும் என்கிற கருதுகோள் அங்கே விழுந்தது. வேலையோடு சேர்ந்து நேரத்தின் வடிவமும் போய்விடுகிறது என்று அவர்கள் புரிந்துகொண்டது இப்படித்தான்.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. நூறு வீடுகளுக்குப் போய்ப் பேசி, பார்த்து, குடும்பங்களின் மனநிலையை நான்கு வகையாகப் பிரித்தார்கள்: உடையாதவர்கள், அடங்கிப்போனவர்கள், நம்பிக்கை இழந்தவர்கள், எதிலும் பற்றற்றுப் போனவர்கள். வீடு துப்புரவாக இருக்கிறதா, பிள்ளைகளைக் கவனிக்கிறார்களா, நாளையைப் பற்றித் திட்டம் வைத்திருக்கிறார்களா என்பவற்றை வைத்துச் செய்த பகுப்பு இது. முழுக்க முழுக்கப் பண்புசார் வேலை. பிறகு ஒவ்வொரு வகைக் குடும்பத்திலும் தலைக்கு மாத வருமானம் என்ன என்று பார்த்தார்கள். பெரியவர்களையும் குழந்தைகளையும் வெவ்வேறு அலகாகக் கொண்டு கணக்கிட்டதில், முறையே 34, 30, 25, 19 ஷில்லிங். படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. ஐந்து ஷில்லிங் என்பது வெறும் ஐந்து ஷில்லிங் அல்ல, ஒரு மனநிலையிலிருந்து அடுத்ததற்குச் சரியும் தூரம் அது என்பது புரிகிறது. வீட்டுக்குள் போய்ப் பார்க்காமல் அந்த நான்கு பெயர்கள் கிடைத்திருக்காது. எண்ணிப் பார்க்காமல் அந்தப் படிக்கட்டுத் தெரிந்திருக்காது.

அந்தக் குழு தனக்கென ஒரு விதி வைத்திருந்தது. வெறும் பார்வையாளராக யாரும் ஊருக்குள் நுழையக் கூடாது, ஊருக்கு ஏதாவது ஒரு பயனுள்ள வேலையைச் செய்தபடிதான் விவரம் சேர்க்க வேண்டும். உடைகள் சேகரித்து வழங்கினார்கள், இலவச மருத்துவ ஆலோசனை நடத்தினார்கள், தையலுக்குத் துணி வெட்டக் கற்றுக் கொடுத்தார்கள், பெண் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி வகுப்பு எடுத்தார்கள். மக்களை நம்பிப் பேச வைத்தது இதுதான். 1933இல் நூல் வெளியானபோது ஆசிரியர் பெயர்கள் அட்டையில் இல்லை. அவை யூதப் பெயர்கள், ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். பிற்பாடு லாசர்ஸ்ஃபெல்ட் அமெரிக்கா போய் அளவுசார் சமூக ஆய்வின் பெரிய பெயர்களில் ஒருவரானார். சொற்களையும் எண்களையும் சேர்த்துப் பிசைந்த ஓர் ஆய்வில் தொடங்கியவர் அவர் என்பதை, அவரைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது நாம் சொல்வதில்லை.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து அவரவர் ஊர்களைப் பற்றி எழுதி வரச் சொன்னார். 1918இல் அது நூலானது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு அந்த ஊர்களில் ஒன்று. இருபது ஆண்டுகள் கழித்து வேறு ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள், அதற்குப் பின்னும் போனார்கள். முதலில் போனவர்கள் எண்களைக் குறித்து வைத்திருந்ததால்தான் பின்னால் வந்தவர்களுக்கு எது மாறியது என்று சொல்ல முடிந்தது. ஊர்க்காரப் பிள்ளைகளே எழுதியதால்தான் அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்றும் தெரிந்தது.

மீண்டும் என் வகுப்புக்கு வருகிறேன்.

தமிழாசிரியரின் விடைத்தாள்களைப் பார்த்த அன்று மாலை வருகைப் பதிவேட்டை வேறு மாதிரி படித்தேன். வழக்கமாக நாம் அதைக் கீழ்நோக்கிப் படிப்போம், இன்றைக்கு எத்தனை பேர் வரவில்லை என்று. நான் குறுக்காக, பிள்ளை பிள்ளையாகப் படித்தேன். சிலருக்கு விடுப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தது. சிலருக்குச் சேர்ந்தாற்போல் ஐந்தாறு நாள், பிறகு சில வாரம் ஒன்றுமில்லை, மறுபடியும் ஐந்தாறு நாள். அப்படிப்பட்டவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் பெண்கள், அத்தனை பேரும் ஒரே குடியிருப்பு. காய்ச்சல் ஆண் பெண் பார்க்காது, தெருவும் பார்க்காது. ஒருத்தியைத் தனியே அழைத்துக் கேட்டேன். “காச்சல் டீச்சர்” என்றாள். என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு அவளால் வேறு என்ன சொல்ல முடியும்?

ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கணக்கெடுக்கப் போவது மாதிரி தாளும் பேனாவும் கொண்டுபோகவில்லை. அவள் அம்மா திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். பிள்ளையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. நூறு நாள் வேலை உங்கள் பக்கம் எப்போது வருகிறது அக்கா என்று மட்டும் கேட்டேன்.

“எங்களுக்கு எங்க டீச்சர் தெனமும்? மொற வெச்சுத்தான் கூப்புடுவாங்க. கூப்புட்ட வாரம் போவலன்னா அந்தக் காசும் போச்சு. கைப்புள்ளய அங்க தூக்கிட்டுப் போனா வெய்யில்ல கெடக்கணும். பால்வாடியில ரெண்டு வயசு ஆவட்டும்னுட்டாங்க. பெரியவதான் வெச்சுக்கறா.” சற்று நிறுத்திவிட்டு, “தப்புதான் டீச்சர். அவதான் சொன்னா, காச்சல்னு எழுதிக் குடுத்தா டீச்சர் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு” என்றார்.

மருத்துவ முகாமில் அந்தப் பிள்ளை மூன்றாவதாக நின்றது என் நினைவுக்கு வந்தது. சத்து மாத்திரை கொடுத்தனுப்பியிருந்தோம்.

இந்த இடத்தில் இன்னொரு தவறைச் செய்ய இருந்தேன். அந்தத் திண்ணைப் பேச்சு என்னை அவ்வளவு பாதித்திருந்தது. என் வகுப்பின் வருகைக் குறைவுக்குக் காரணம் கைக்குழந்தை பார்ப்பது என்று புதிய அறிக்கை எழுதும் முடிவோடு வீடு திரும்பினேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வோம். மாதிரி எடுத்தல் என்கிற பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஆனால் அந்தப் பழமொழி உண்மையாவது எப்போது? பானையில் ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு எல்லாப் பருக்கைக்கும் எட்டியிருக்கும்போது. வகுப்பறை அப்படிப்பட்ட பானை இல்லை. முதல் வரிசைக்கு எட்டிய நெருப்பு கடைசி வரிசைக்கு எட்டியிருக்காது. ஒரு வீட்டுத் திண்ணையில் கேட்டது அந்த வீட்டைப் பற்றி முழு உண்மை. வகுப்பைப் பற்றி அது ஒரு கருதுகோள், அவ்வளவுதான்.

ஆகவே மறுபடியும் எண்ண வேண்டியிருந்தது. இந்த முறை கட்டம் போட்ட தாள் இல்லை. ஒரு மாத காலம் எடுத்துக்கொண்டு அந்த 26 பேரிடமும் பேசினேன், பெரும்பாலும் வகுப்புக்கு வெளியே: வாய்க்கால் மதகில், சத்துணவு முடிந்து தட்டுக் கழுவும் இடத்தில், வீடு போகும் வழியில். ‘நீ ஏன் வரவில்லை’ என்று கேட்டால் அது குற்ற விசாரணை. ‘வராத அன்று காலையிலிருந்து என்ன செய்தாய், சொல்லு’ என்று கேட்டால் பிள்ளைகள் கதையாகச் சொல்வார்கள். காரணம் அந்தக் கதைக்குள் இருக்கும். சொன்னதை அங்கேயே எழுதினால் பேச்சு நின்றுவிடும், ஆகவே அறைக்கு வந்து அன்றைக்கே குறித்துக்கொண்டேன். பெயருக்குப் பதில் எண் போட்டேன். ஆய்வு முடிந்ததும் எந்த எண் யாருடையது என்று எழுதியிருந்த தாளைக் கிழித்துப் போட்டேன். ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு பிள்ளை நம்பிச் சொன்னது ஆசிரியர் அறைப் பேச்சாகிவிடக் கூடாது.

சொன்னவற்றைப் பலமுறை படித்த பிறகுதான் வகை பிரித்தேன். ஒன்பது பேர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டவர்கள். ஏழு பேருக்கு உண்மையாகவே காய்ச்சலோ வேறு நோயோ இருந்தது. ஐந்து பேர் ஆடு மேய்க்க, தண்ணீர் பாய்ச்ச என்று வீட்டு வேலைக்குப் போனவர்கள்.

மீதி ஐந்து பேர், எல்லோரும் பையன்கள், வராமல் இருந்தது செவ்வாய்க்கிழமைகளில். முதலில் எனக்குப் பிடிபடவில்லை. சந்தை நாளோ என்று நினைத்தேன். தட்டுக் கழுவிக்கொண்டே ஒருவன் சொன்னான்: “செவ்வாக்கெழம நீங்க மேப் டெஸ்ட் வெப்பீங்க டீச்சர்.”

தப்பாகக் குறித்தவர்களை நான் பலகைக்கு அழைத்து எல்லோர் முன்னாலும் மறுபடி குறிக்கச் சொல்வது வழக்கம். அதை ஒரு நல்ல கற்பித்தல் முறை என்றே எண்ணியிருந்தேன். வினாநிரலில் ‘ஆசிரியர்’ என்று ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவில்லை. போட்டிருந்தாலும், ஆசிரியரே வாங்கிக்கொள்ளும் தாளில் அதை யார் டிக் அடிப்பார்கள்? வகுப்பறை ஆய்வில் ஆய்வாளரும் ஆய்வுக்குரியவற்றில் ஒன்று என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. நண்பர்களே, உங்கள் வகுப்பில் ஏதாவது ஒன்றை நீங்கள் ஆராயும்போது, முடிந்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியரைப் பேச வைத்துப் பாருங்கள். உங்களிடம் வராத விடை அவரிடம் வரும்.

இத்தனைக்கும் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். எமிஸ் பதிவு, கற்றல் விளைவுத் தேர்வு, படிவத்துக்கு மேல் படிவம் என்று நமக்கு ஓய்வில்லைதான். ஒரு வகுப்பை முழுதாக ஆராய வேண்டாம், ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்ணிலிருந்து தொடங்கலாம், அது இலவசமாகக் கிடைப்பது. அதில் கண்ணுக்கு உறுத்தும் இடம் ஒன்று தென்படும். அந்த இடத்தில் இருக்கும் இரண்டு மூன்று பிள்ளைகளிடம் பேசலாம். பேசியதில் தெரிந்தது மற்றவர்களுக்கும் பொருந்துகிறதா என்று திரும்ப எண்ணலாம். வரிசை மாறினாலும் பரவாயில்லை. பேச்சில் தொடங்கி எண்ணுக்குப் போகும் ஆய்வுகளும் உண்டு. முதல் படியிலேயே அறிக்கை எழுதி ஒப்படைத்துவிடாமல் இருந்தால் போதும்.

ஒன்பது பெண் பிள்ளைகளின் கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்தேன், பெயர் சொல்லாமல். முன்பு மருத்துவ முகாம் கேட்டபோது தலையசைத்தவர்கள், இந்த முறை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெரியாத செய்தி இல்லை அவர்களுக்கு. நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே ஒரு விதி இருந்தது: பணித்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை நியமிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்காகக் கேட்டிருந்தால் ‘உங்கள் வீட்டுப் பிரச்சினை’ என்று போயிருக்கும். ஒன்பது என்கிற எண் இருந்ததால் விதியைக் காட்ட முடிந்தது. பணித்தளப் பொறுப்பாளர் ஒரு மூத்த பெண்ணைப் புங்கமரத்தடியில் அமர்த்தினார். அடுத்த பருவத்தில் ஆறு பேரின் வருகை சீரானது. மூவருடையது ஆகவில்லை. குழந்தையை அயலாரிடம் விட அந்த வீடுகளுக்கு மனம் இல்லை. அவர்களில் திண்ணைவீட்டுப் பிள்ளையும் ஒருத்தி. எட்டாம் வகுப்போடு அவளை நிறுத்திவிடும் பேச்சு இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் நானும் தலைமையாசிரியரும் போய்ப் பேசினோம். இப்போது பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள்.

மேப் டெஸ்ட் இப்போதும் உண்டு. இருவர் இருவராக உட்கார்ந்து குறிக்கிறார்கள், நாளும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

தமிழாசிரியரும் தம் பங்குக்கு ஒன்று செய்தார். விடுப்பு விண்ணப்பப் பாடத்தின்போது காய்ச்சல் என்கிற சொல்லை ஓராண்டுக்கு வகுப்பில் தடைசெய்துவிட்டார். சென்ற வாரம் எனக்கு வந்த ஒரு விண்ணப்பம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. மதிப்பிற்குரிய வகுப்பாசிரியர் அவர்களுக்கு என்று முறையாகத் தொடங்கி, இப்படி எழுதியிருக்கிறான்: ‘எனக்குக் காய்ச்சல் இல்லை. நேற்று எங்கள் ஆடு குட்டி போட்டது. இரண்டு குட்டி. அதனால் நான் வரவில்லை.’